தோற்ற அணியின் ரீசேட்டுகள்

கனடாவில், பிறம்ரன் வெயார்ஹவுஸின் பாதி திறந்த வாசலால் நவம்பர் வெயில் கீற்றாக உள்ளே விழுகிறது. நேற்றைய பேஸ்போல் இறுதி ஆட்டத்தில் யாங்கீஸ் இருபத்தேழாவது தரமும் சாம்பியனாகிவிட்டது. வேறெந்த அணியும் அதில் பாதியைக்கூடத் தொட்டதில்லை. அவர்களின் ரீசேட்டுகள் விடியமுன்னமே கடைகளுக்குப் போய்விட்டன. றெஜினாவின் மேசையில் கிடப்பவை தோற்ற அணியுடையவை. யார் வெல்வார்கள் என்று தெரியாததால் இரண்டு அணிக்குமே ‘சாம்பியன்’ என்று முன்கூட்டியே அடித்துவிட்டார்கள். இனி இவை இந்த நாட்டில் ஒருவர் கண்ணிலும் படக்கூடாது. “உது எங்கை போகுது அண்ணை?” என்று கேட்கிறாள். “கஷ்டப்பட்ட நாடுகளுக்காம். முகாம்களிலை சும்மா குடுக்கிறவையாம்,” என்கிறார் பெட்டிக்கு ரேப் ஒட்டிக்கொண்டிருக்கும் இக்னேசியஸ். “கெதியா மடி பிள்ளை, ட்ரக் நிக்குது.” ஊரில் சண்டை முடிந்து ஆறு மாதமாகியும் அவளுடைய தம்பியை வவுனியா முகாமுக்கு வெளியே விடவில்லை. போன கிழமை வந்த படத்தில் அவன் முள்கம்பியைப் பிடித்தபடி மேலில் சட்டையில்லாமல், விலா எலும்பு தெரிய நிற்கிறான். அவன் எப்போதும் மீடியம்தான் போடுவான். மீடியம் ஒன்றை எடுத்து, எழுத்து உள்ளே போகும்படி புரட்டி மடிக்கிறாள். பெட்டிக்குள் வைக்கப் போனவள், அதை மேசையிலேயே போட்டுவிட்டு ஸ்மோல் குவியலுக்குக் கையை நீட்டுகிறாள்.