கணவாய் உச்சியில் ஒரு செய்தித்தாள்

கணவாயின் உச்சியில் பனி இருபுறமும் சுவராக நிற்கிறது. நடுவில் ஈரச் சரளைப் பாதை வெயிலில் மின்னுகிறது. இத்தாலியையே சுற்றிவரும் இந்த சைக்கிள் பந்தயத்தில் முதலிடத்திலிருக்கும் தார்சீசியோவை விட நெவியோ, இத்தனை நாள் ஓட்டிய மொத்த நேரக் கணக்கில், ஒன்பது நொடிதான் பின்தங்கியிருக்கிறான். இப்போது இருவரும் தோள் உரச உச்சியைத் தொடுகிறார்கள். இனி இறக்கம். வியர்த்த நெஞ்சில் குளிர்காற்று அறைந்தால் விரல் விறைத்துப்போகும், பிரேக் பிடிக்க முடியாது. சட்டைக்குள் திணித்துக்கொள்ளட்டும் என்று சனம் செய்தித்தாள்களை நீட்டிக்கொண்டு நிற்கிறது. புருஷனின் பழைய ராணுவக் கோட்டை மாட்டிக்கொண்டு சத்திரக்காரி இர்மா ஒரு தாளை நீட்டியபடி நெவியோவின் கூடவே ஓடுகிறாள். "இந்தாப்பா, பிடி! தார்சீசியோ ஜெயிச்சாச்சுன்னு இப்பவே கொட்டை எழுத்துல போட்டிருக்கான். படிச்சுத் தொலைக்காத!" நெவியோ பிடித்துக்கொள்கிறான். தார்சீசியோவுக்கு நீட்டப்பட்ட தாளைக் காற்று பிடுங்கிக்கொண்டு போகிறது. "டேய் நெவியோ, பாதி குடுடா!" நெவியோ பல்லால் கடித்துத் தாளை இரண்டாகக் கிழிக்கிறான். வெறும் விளம்பரப் பாதியைத் தன் சட்டைக்குள் செருகிக்கொண்டு, கொட்டை எழுத்துப் பாதியை நீட்டுகிறான். "நீயே வெச்சுக்க. கீழ போய்ச் சேர்றதுக்குள்ள அது பழைய பேப்பர்."