கறுப்புத் தட்டு

லைன் சூப்பர்வைசர் வனமாமலை படியேறி வருகிற சத்தம் கேட்டபோது, சத்யப்பிரியாவின் கையில் தண்ணீர் தெளிக்கும் குப்பி இருந்தது.

அவருக்கு முன்னால் அம்மா சந்திரம்மாளின் குரல் மாடிக்கு வந்து சேர்ந்தது.

"பாத்து வா சார், படி வழுக்கும். லீவு வுட்டா போதும், அந்தக் கூடாரத்துக்குள்ள பூந்துக்கினு கெடக்குது. எங்களுக்குச் சோறு ஆக்குதோ இல்லியோ, செடிக்குத் தண்ணி ஊத்திடும்."

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது.

குழாய்களை வளைத்து, பாலித்தீன் தாளும் பச்சை வலையும் போர்த்திய சின்னக் கூடாரம் அது. உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. எதையும் ஒளிக்கவும் முடியாது.

பலகைகளின் மேல் வரிசையாகக் கறுப்புத் தட்டுகள். தட்டு முழுக்க வட்டமான குழிகள். குழிக்கு ஒன்றாகத் தக்காளி நாற்றும் குடைமிளகாய் நாற்றும்.

நாற்றுகள் வருவதற்கு முன்னால் அந்தக் குழிகளில் ஸ்மார்ட் வாட்ச் கூடுகள் உட்கார்ந்திருந்தன. ஒரகடம் கம்பெனியில் அவள் லைனுக்கு வாட்ச்சின் வெளிக்கூடு அந்தத் தட்டுகளில்தான் வரும். காலியானதும் நொறுக்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

முதல் தட்டைத் தொட்ட அன்றே அவளுக்கு அது நாற்றங்காலாகத்தான் தெரிந்தது. உலகத்தில் எங்கேயோ யாரோ அந்த வாட்ச்சைக் கையில் கட்டிக்கொண்டு நேரம் பார்ப்பார்கள். அது புறப்பட்டுப் போன வெற்றிடத்தில் ஒரு விதை தன் நேரத்துக்கு முளைக்கட்டுமே என்று நினைத்தாள்.

துப்பட்டாவுக்கு அடியில், முதுகோடு ஒட்டி, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தாள். கேட்டில் சோதிக்கிற கருவி இரும்புக்குத்தான் கத்தும்.

குப்பையானாலும் கம்பெனிப் பொருள். போன மாதம் ஒருத்தன் பையில் டேப் சுருள் ஒன்று இருந்ததற்காக அவனுடைய ஐடி கார்டைக் கேட்டிலேயே கழற்றி வாங்கிவிட்டார்கள். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர் வனமாமலை சார்தான்.

சார் அப்படிப்பட்டவர். இன்னும் விற்பனைக்கு வராத வாட்ச்சுகளைக் கறுப்புத் திரை போட்ட ஒரு தனி அறையில் சோதிப்பார்கள். அங்கிருந்து வரும்போதெல்லாம், யாரும் கேட்காமலே சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டிவிட்டுப் போவார்.

இந்த மாதம் சத்யப்பிரியாவை நிரந்தரம் ஆக்கலாமா வேண்டாமா என்று சொல்லப்போகிறவரும் அவரே.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அவள்தான். போன வாரம் கேன்டீனில் குடைமிளகாயைப் பங்கு போட்டு, எங்கள் மாடியில் காய்த்தது என்று பீற்றிக்கொண்டாள். சார் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். டிபன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, குன்றத்தூர் வரைக்கும் வந்து கூடாரத்தின் வாசலில் குனிந்து நிற்கிறார்.

மார்போடு ஒரு மஞ்சள் பை. வாங்கி வைக்கலாம் என்று அம்மா கையை நீட்டினாள். அவர் இன்னும் இறுக்கிக்கொண்டார். பைக்குள் ஏதோ தட்டையாக, விறைப்பாக இருந்தது. தட்டு எடுத்ததை எழுதிக் கையெழுத்து வாங்குகிற அட்டையாக இருக்கும்.

அம்மா டீ போட இறங்கிப் போனாள்.

"நம்ம லைன் ஆளுவ யாரும் இங்க வர மாட்டாவல்லா?" என்றார் சார். திருநெல்வேலிப் பேச்சு. லைனில் அதட்டுகிற அதே குரல்தான், சத்தம் மட்டும் இல்லை.

"இல்ல சார்."

அவர் உள்ளே நுழைந்து குந்தி உட்கார்ந்தார். நெற்றி வியர்வை புருவத்தில் இறங்கியது. ஒரு தட்டைத் தூக்கினார். ஓரத்தில் கம்பெனி முத்திரை. அவருடைய கட்டைவிரல் அதன் மேல் போய் நின்றது.

சத்யப்பிரியா குப்பியை அழுத்திக்கொண்டே இருந்தாள். தண்ணீர் அவள் காலிலேயே தெளித்துக்கொண்டிருந்தது. யாரோ இரண்டு விரலால் தன்னை வேரோடு பிடுங்குவது போல இருந்தது அவளுக்கு.

சார் தட்டைத் தலைக்கு மேல் உயர்த்தி அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"ஓட்ட எப்படிம்மா போட்ட?"

கேள்வி புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஊதுபத்தி சார். கொளுத்தி வச்சா உருகிக்கும்."

அவர் தலையை ஆட்டினார். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"அதான பாத்தேன். நானும் மூணு மட்டம் வெத போட்டுட்டேன், தண்ணி நின்னு மூணும் அழுவிப் போச்சு. வீட்ல ஒரே கேலி பண்ணுதா."

பிறகு பையை மடியில் வைத்து, வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, உள்ளே இருந்ததை உருவினார்.

அதே கறுப்பு. அதே முத்திரை. காய்ந்த மண் அப்பியிருந்தது.

நெஞ்சில் கட்டியிருந்தது அவிழ்ந்து, சிரிப்பாக மேலே ஏறி வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். மாடிச் சுவருக்கு ஓடி எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ம்மா, வரும்போது ஊதுபத்தியும் தீப்பெட்டியும் எடுத்துக்கினு வா."

திரும்பி வந்து தட்டைக் கையில் வாங்கினாள். சார் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு தக்காளி நாற்றை மெல்லத் தொட்டுப் பார்த்தார். அவள் குழிகளில் இருந்த மண்ணை விரலால் சுரண்டினாள். ஒன்று. அடுத்தது. அதற்கடுத்தது.

விரல் நின்றது.

குழிகள் வட்டமாக இல்லை. எல்லாமே சதுரம். அவள் லைனில் மட்டுமல்ல, அந்தக் கம்பெனி விற்கிற எந்த வாட்ச்சும் இதுவரை சதுரமாக இருந்ததில்லை.

கறுப்புத் திரை போட்ட அந்த அறை ஞாபகத்துக்கு வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். சார் நாற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படியில் அம்மாவின் கொலுசுச் சத்தம் ஏறி வந்தது. சத்யப்பிரியா தட்டைக் கவிழ்த்து வைத்தாள்.