பின்சந்து

சுரண்டையிலிருந்து வந்த கார் தென்காசிக்குள் நுழைந்ததுமே சிவனணைந்தபெருமாளுக்கு வேர்த்துவிட்டது. மகள் கல்யாணத்தைப் பேசி முடிக்க, எட்டு மணிக்குக் கோயில் வாசலில் நிற்க வேண்டும். மாப்பிள்ளையின் அப்பா குற்றாலத்திலிருந்து காரில் வருகிறார். "நாங்களும் காரில்தான் வருவோம்" என்று இவரும் பெருமையாகக் கடிதம் எழுதியிருந்தார்.

"சந்தைத் தெரு வழியா போவமா மொதலாளி?" என்றான் டிரைவர் இசக்கியப்பன்.

"காலையில அங்கன ஒரே கூட்டம்லா."

"அப்ப ரத வீதி?"

"அது அதுக்கு மேல. கோயிலுக்குப் பின்சந்துல விடுலே."

"ரொம்பச் சுத்து மொதலாளி. ஹாரன் அடிச்சா கூட்டம் வெலகிரும்."

"அடிக்காதலே. அம்புட்டுப் பேரும் திரும்பிப் பாப்பானுவ."

பின்சந்தில் ஈ காக்கை இல்லை. அப்பாடா என்று அவர் சாய்ந்தபோது, எதிர்முனையில் இன்னொரு கார் திரும்பியது. உள்ளே மாப்பிள்ளையின் அப்பா, துண்டால் முகத்தை மறைத்தபடி.

மாப்பிள்ளையின் அப்பா துண்டை மெல்ல இறக்கினார்.

"யுத்தம் வந்த பெறவு பெட்ரோல் எங்கன கெடைக்கு, சம்பந்தி?" என்றார்.

இரண்டு கார்களையும் இழுத்து வந்த காளைகள் அதற்குள் ஒன்றையொன்று மோந்து பார்த்துப் பழகியிருந்தன.