வெளியாள் ரத்தம்

2024 ஜூன் 11, நாமக்கல். பிரசவத்தில் அதிக ரத்தம் இழந்த சௌமியாவுக்கு ஒரு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். சற்று நேரத்தில் அவளுக்கு மூச்சுத் திணறியது; தொண்டையில் குழாய் செருகி மூச்சு கொடுத்தார்கள்.

“யாரு ரத்தத்தைங்க எம்புள்ளைக்கு ஏத்துனீங்க?” என்று டாக்டரிடம் சீறினார் அவள் அப்பா குருமூர்த்தி. மருமகன் அர்த்தநாரி சுவரோரம் நகர்ந்தான்.

“நல்ல ரத்தம்தாங்க. ஆனா குடுத்தவங்க நாலு புள்ள பெத்தவங்க. கர்ப்பத்துல அவங்க உடம்புல உண்டான எதிர்ப்புப் பொருள் சௌமியாவோட வெள்ளையணுக்களைக் கிளப்பி விட்டுருச்சு. நுரையீரல் வீங்கிருச்சுங்க.”

“அந்த ரத்தத்தை எதுக்குங்க வாங்குனீங்க?”

“ரத்த வங்கியில ஆம்பளைங்க ரத்தம் இருந்துச்சுங்க. ‘எந்தச் சாதிக்காரனுதோ, வேண்டாம்’னு அடம்பிடிச்சு, உங்க மாப்பிள்ளைதான் அவரோட அக்காவைக் கூட்டிட்டு வந்தாரு.”

குருமூர்த்தி திரும்பினார்.

“ஏனுங்க மாப்பிள்ளை, மூச்சு உடறதுக்கும் சாதி பாப்பீங்களா?”

மாலையில் வங்கியிலிருந்து, பெயர் தெரியாத ஒருவரின் ரத்தம் வந்தது. சில நாட்களில் சௌமியா குழாயில்லாமல் மூச்சு விட்டாள்.