பதிவுபெற்ற முகம்

பைக்கை ஸ்டாண்டு போடக்கூட வேதசிரோமணிக்குப் பொறுமை இல்லை. கடைச் சுவரில் சாய்த்துவிட்டு அண்ணாந்து போர்டைப் பார்த்தார்.

'ரெனிட்டா - பச்சைக்குழந்தை உடுப்புகள்.'

வெயில் ஃபிளெக்ஸில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. எழுத்துக்குப் பக்கத்தில் தொப்பி போட்ட குழந்தை முகம் ஒன்று அரைகுறையாகத் தெரிந்தது. அது போதும். கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

பேரும் அவருடையது, முகமும் அவருடையது.

காலையில் சேல்ஸ்மேன் இருளப்பசாமிதான் போனில் சொன்னான். "மொதலாளி, இங்க ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்ல நம்ம கம்பெனி பேர்ல ஒரு கடை தொறந்திருக்காக." பாதி இட்லியோடு கை கழுவி எழுந்தவர்தான். வக்கீல் முதலில் ஒரு நோட்டீஸ் விடலாம் என்றார். நோட்டீஸாவது மண்ணாவது என்று ராஜபாளையத்திலிருந்து பைக்கை முறுக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

சும்மாவா வந்தது வட்டத்துக்குள் அந்த R? டிரேட்மார்க் ஆபீஸ் முதலில் ஆட்சேபம் சொன்னது. பதில் எழுதி, ஹியரிங் போய், ஜர்னலில் பேர் வெளியான பிறகும் எவனாவது எதிர்த்துக் கிளம்பிவிடுவானோ என்று மாதக்கணக்கில் தூக்கமில்லாமல் கிடந்து வாங்கியது. இன்று அந்த R இல்லாமல் ஒரு ஜட்டிகூட அவர் குடோன் வாசலைத் தாண்டாது.

லோகோவுக்குப் பட்ட பாடு தனி. வீட்டில் கிடந்த பழைய போட்டோ ஒன்றை சிவகாசி டிசைனரிடம் கொடுத்து, "மொகம் மட்டும் போதும், மத்ததெல்லாம் அழிச்சிருங்க" என்று பக்கத்திலேயே உட்கார்ந்து அழிக்க வைத்தார். அப்படிச் செதுக்கி எடுத்த முகத்தை யாரோ நோகாமல் தூக்கி வாசலில் மாட்டியிருக்கிறார்கள்.

உள்ளே ஒரு பெண் தொட்டில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். காலேஜ் முடித்த வயசு இருக்கும்.

"ஏட்டி, யாரைக் கேட்டு இந்தப் பேரை வச்ச? நான் யாருன்னு தெரியுமா?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தெரியும்" என்றாள்.

தெரிந்தே செய்திருக்கிறாள். என்ன திமிர். வேதசிரோமணி குரலை உயர்த்தினார்.

"கேஸ் போட்டேன்னா கடையோட நீ நடுத்தெருவுக்கு வந்துருவ. கவர்மெண்டே எனக்குப் பதிஞ்சு குடுத்திருக்கு. அந்தக் குழந்தை மொகத்துக்கு ஒரே சொந்தக்காரன் நாந்தான். போர்டை நீ கழட்டுதியா, நான் கழட்டவா?"

துணி மடித்த கை அப்படியே நின்றது. அவள் உள்ளேயிருந்து ஸ்டூலை எடுத்து வந்து போர்டுக்கு நேர் கீழே போட்டாள். துணி வெட்டும் கத்தரியை அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்களே கழட்டுங்க."

எதிரே ஆட்டோக்காரர்கள் வேடிக்கை பார்க்கத் திரும்பினார்கள். பார்க்கட்டும், திருட்டுக் கடை என்று ஊருக்கே தெரியட்டும். வேதசிரோமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் ஏறினார். ஃபிளெக்ஸை இழுத்துக் கட்டியிருந்த கயிற்றில் கத்தரியை வைத்தார்.

இப்போது படம் அவர் முகத்துக்கு நேரே இருந்தது.

படம் குழந்தையின் நாடியோடு, மோவாயோடு முடியவில்லை. அதற்குக் கீழே, கழுத்தைத் தாங்கிப் பிடித்தபடி, ஒரு கை இருந்தது. ஆள்காட்டி விரலின் நகம் இரண்டாகப் பிளந்திருந்தது.

டிசைனரிடம் அவர் அழிக்கச் சொன்ன கை.

முதன்முதலில் அவர் விற்ற குழந்தைச் சட்டைகளையெல்லாம் அந்தக் கைதான் தைத்தது. தைக்கும்போது மெஷின் ஊசி ஏறித்தான் நகம் அப்படிப் பிளந்தது. ஞானஸ்நானத்தன்று சர்ச் வாசலில் எடுத்த படம். ஸ்டூடியோக்காரர் இரண்டு காப்பி கொடுத்திருந்தார். ஒன்று அவர் பெட்டியில் தங்கியது. இன்னொன்று, அவர் வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்த அன்று, கைக்குழந்தையோடு ஆலங்குளத்துக்கு பஸ் ஏறிப்போன அவர் மனைவி ஏசம்மாளோடு போனது.

அப்புறம் அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பேர் மட்டும் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக விற்றது. அதை முதலில் யாருக்கு வைத்தோம் என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது.

கத்தரி கயிற்றிலேயே நின்றது. அவர் மெல்லக் குனிந்து கீழே பார்த்தார். படத்தில் இருந்த அதே நாடிதான் அவளுக்கு.

"ஏன் நிறுத்திட்டீங்க, வெட்டுங்க" என்றாள் அவள். இத்தனை வருடக் கோபமும் அந்தத் தணிந்த குரலில் இருந்தது. "அந்தப் படத்துல உங்க கை எங்கயாச்சும் இருந்தா, அதை மட்டும் வெட்டி எடுத்துட்டுப் போங்க."