கடைசியில் வருகிறவர்

"மேடம், உங்க கூட்டத்துல ஒரு திருடன் இருக்கான்!"

தொப்பிக்காரர் போட்ட சத்தத்தில், பாறை மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்த நண்டுகூட பொந்துக்குள் ஓடிவிட்டது.

கடலக்கா திரும்பினாள். கடற்கரைப் பூங்காவில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கடல் உள்வாங்கியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், பாறைக் குட்டைகளில் வாழும் ஜீவராசிகளை வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவாள். சம்பளம் கிடையாது; அதிகாரம் உண்டு. யாராவது ஆசையாக ஒரு சிப்பியைக் கையில் எடுத்துவிட்டால் தொலைந்தார்கள்.

"யாருங்க? எங்க?"

தொப்பிக்காரர் பின்பக்கம் கையை நீட்டினார். தூரத்தில் ஒருவர் முட்டி போட்டுக்கொண்டு, ஒரு கல்லைச் சுற்றி இரண்டு கையாலும் துழாவிக்கொண்டிருந்தார்.

"வந்ததுலேர்ந்து நானும் பார்க்கறேன். நாம அந்தப் பக்கம் நகர்ந்தா போதும், இந்தாளு கல்லுகல்லா போய்த் தடவறான். நண்டோ சங்கோ, எதையோ எடுத்து பாக்கெட்ல போடறான்!"

கடலக்காவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அந்த ஆள் அவளுடைய வீட்டுக்காரர்.

அதுவும் இன்றைக்குப் பார்த்தா? பூங்கா அதிகாரியம்மா கூடவே வந்திருக்கிறார். "கூட்டம் கூட்டமா ஆளைக் கூட்டிட்டு வந்து கரையைப் பாழாக்கறீங்கன்னு புகார் வந்திருக்கு. இன்னிக்குப் பார்த்துட்டு, சரியில்லைன்னா எல்லாத்தையும் நிறுத்திடுவேன்" என்று வந்ததுமே சொல்லிவிட்டார். அதனால் கடலக்கா தொண்டை கட்டுகிற அளவுக்குப் பேசியிருந்தாள்.

"ஒவ்வொரு கல்லும் ஒரு குடும்பத்துக்குக் கூரைங்க. தெறந்து பார்த்தா, பழையபடி மூடி வெக்கணும். அப்படியே போட்டுட்டுப் போனா, அடியில இருக்கற ஜீவனெல்லாம் வெயில்ல காஞ்சு செத்துடும்" என்று ஒரு கல்லைத் தூக்கிக் காட்டுவாள். எல்லாரும் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அதற்குள் அவள் கண்ணில் வேறொன்று பட்டுவிடும். "ஐயோ, அங்க பாருங்க, நட்சத்திர மீன்!" என்று அடுத்த குட்டைக்குப் பறந்துவிடுவாள். கூட்டமும் பின்னாலேயே ஓடும்.

வீட்டுக்காரர் மட்டும் ஓடமாட்டார். வாரம் முழுக்க பஸ் ஓட்டுகிற மனுஷன், நடையில் மட்டும் எப்போதும் கடைசி. வீட்டிலும் அதே கதைதான். அவள் சமைத்து முடித்து டிவி முன்னால் வந்து உட்கார்ந்த பிறகு, இவர் சமையலறைக்குள் போய் டப்பாக்களை உருட்டிக்கொண்டிருப்பார். "அங்க என்ன பண்றீங்க?" என்றால் "சும்மா" என்று பதில் வரும்.

"என்னங்க! கொஞ்சம் இங்க வாங்க!"

வந்தார். முழங்கால்வரை ஈரம்.

"பாக்கெட்ல என்ன இருக்கு? வெளிய எடுங்க."

"எதுக்கும்மா?"

"எடுங்கன்னா எடுங்க. இங்க என் மானம் கப்பலேறிட்டிருக்கு!"

எடுத்தார். நனைந்த கைக்குட்டை. அதில் ஒட்டிக்கொண்டு ஒரு மிட்டாய். அவ்வளவுதான்.

தொப்பிக்காரர் விடுகிற மாதிரி இல்லை. "அப்போ கல்லுக்கிட்ட என்ன சார் பண்ணிட்டிருந்தீங்க?"

அவர் அதிகாரியம்மாவைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "செருப்பு வார் அறுந்துபோச்சு. அதைச் சரி பண்ணிட்டிருந்தேன்" என்றார்.

எல்லார் கண்ணும் அவர் காலுக்குப் போனது. காலில் ரப்பர் ஷூ.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கடலக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. "இதுக்குத்தான் உங்களைக் கூட்டிட்டு வரக்கூடாதுங்கறது. அடுத்த வாரத்துலேர்ந்து நீங்க வீட்லயே இருங்க!"

"சரிம்மா."

அதிகாரியம்மா அவர் பக்கத்தில் வந்தார். சிராய்த்துப்போயிருந்த அவர் விரல்களை ஒருமுறை பார்த்தார். பிறகு, வந்த வழியே கொஞ்ச தூரம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"உண்மையைச் சொல்லணும்னா, நிறுத்திடலாம்னுதான் வந்தேன். மத்தவங்க கூட்டிட்டுப் போன பக்கமெல்லாம் கல்லு மல்லாந்து கிடக்கு, அடியில இருந்ததெல்லாம் செத்துக் கிடக்கு. நீங்க வந்த வழியில ஒரு கல்லு, ஒரே ஒரு கல்லுகூட அப்படி இல்லை. நீங்க தாராளமா நடத்துங்க."

கூட்டம் கைதட்டியது. தொப்பிக்காரரும் தட்டினார். கடலக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கொஞ்சம் பெருமையும் வந்தது.

"எல்லாம் பழக்கம்தான் மேடம். வாயால சொன்னா மட்டும் போதுமா? நாமளும் அப்படி நடந்து காட்டணும்ல?"

"கரெக்ட்" என்று சிரித்தார் அதிகாரியம்மா. கிளம்பும்போது, "அடுத்த வாரமும் சாரைக் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்தது. கடலக்காவுக்கு அந்தக் கடைசிப் பேச்சு மட்டும் உறுத்தியது.

"உங்களை எதுக்குங்க வரச் சொல்றாங்க? இப்பவாவது உண்மையைச் சொல்லுங்க. கல்லுக்கிட்ட என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"வீட்ல, சமையல் ரூம்ல பண்றதுதான்."

"அங்கதான் என்ன பண்றீங்க?"

அவர் கைக்குட்டையிலிருந்து மிட்டாயைப் பிய்த்து அவளிடம் நீட்டினார்.

"நீ தெறந்து போட்டுட்டுப் போறதையெல்லாம் மூடிக்கிட்டு வர்றேன்."