எங்க வூட்டு ஆளு இல்லீங்க

“இவங்க எங்க வூட்டு ஆளு இல்லீங்க.”

கண்ணாயிரம் இப்படிச் சொன்னதும் டாக்டர் நிர்மலா நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் இலக்கியா நின்றிருந்தாள்.

கட்டிலில் செந்தமிழ்ச்செல்வி ஆக்சிஜன் மாஸ்க்குடன் கிடந்தாள். நுரையீரலில் புற்று. நேற்றுவரை நாலு வார்த்தை பேசினாள். இன்று மூச்சு விடுவதே பெரும்பாடாக இருந்தது.

“நல்லா பார்த்துச் சொல்லுங்க. களமருதூர்ல அண்ணன் இருக்கார்னு தெரிஞ்சுதான் உங்களுக்கு போன் பண்ணோம். அப்பா பேரும் ஒண்ணா இருக்கு.”

“அந்தப் பேர்ல எங்க ஊர்ல பத்து பேர் இருக்காங்க மேடம்.”

“மூக்கும் தாடையும் உங்களை உரிச்சு வச்ச மாதிரி இருக்கே?”

“எனக்குக் கூடப் பொறந்ததுன்னு யாரும் இல்லீங்க.”

அவர் கட்டில் பக்கம் திரும்பவே இல்லை. செல்வியின் கண்ணோரம் நீர் கசிந்து காதுப்பக்கம் இறங்கியது. அவளுக்குப் பெறாத மகளாகக் கூடவே வாழும் இலக்கியா முந்தானையால் துடைத்துவிட்டாள்.

அவரைக் கூப்பிடவே வேண்டாம் என்று காலையில்தான் டாக்டரிடம் கெஞ்சியிருந்தாள். அது வேறு பயம். போன வருஷம் இவர்களோடு இருந்த தனுஷா செத்தபோது, அத்தனை நாள் எட்டிப் பார்க்காத பெற்ற வீட்டார் வந்து உடம்பை வாங்கிப் போனார்கள். இடுப்புவரை இருந்த முடியை ஒட்ட வெட்டினார்கள். வேட்டி கட்டி, அவள் எப்போதோ விட்டுவிட்ட ஆண் பேரைச் சொல்லி எடுத்தார்கள். கூட வாழ்ந்த திருநங்கைகளைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அன்றைக்கு வீடு திரும்பியதும் செல்வி சொன்னாள்.

“இலக்கி, எனக்கு மெஷின், குழா எதுவும் வேணாம். நம்ம வூட்லயே கண்ண மூடணும். பொடவையோட, பூவோட அனுப்பு. செத்தப்புறம் என்னை ஆம்பளை ஆக்கிடாதீங்க.”

போன வாரம் இந்த டாக்டரிடமும் அதையே தன் வாயால் சொன்னாள். ஆனாலும் டாக்டர், “ரத்த சொந்தத்துல ஒருத்தரைக் கேட்காம விட்டா நாளைக்கு என்னைத்தான் பிடிப்பாங்க” என்றுவிட்டார்.

அந்த ரத்த சொந்தம் வந்து சொன்னதுதான் இது.

டாக்டர் இலக்கியா பக்கம் திரும்பினார். “சொந்தம்னு யாரும் இல்லன்னா, இத்தனை வருஷமா கூட இருக்கிற நீங்கதான் சொல்லணும். மெஷின்ல வைக்கட்டுமா?”

“வேணாம் மேடம். அம்மா ஆசைப்பட்டபடி கச்சிராயபாளையத்துல எங்க வூட்டுக்கே கூட்டிக்கினு போயிடறேன்.”

“சரி. வலி தெரியாம இருக்க மருந்து தரேன். நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்ப்பாங்க.”

கண்ணாயிரம் வெளியே நடந்தார்.

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் இலக்கியாவுக்கு மனசு ஆறவில்லை. சாகக் கிடக்கிறவள் காதுபட அப்படிச் சொல்ல எப்படி வாய் வந்தது? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்று பின்னாலேயே ஓடினாள்.

அவர் வண்டி நிறுத்துமிடத்தின் ஓரம் முதுகைக் காட்டி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“இல்லடா தம்பி பாவாடை, நேர்லயே பாத்துட்டேன். அது நம்மாளு இல்ல, வேற யாரோ. வண்டியத் திருப்பிக்கினு போ. சித்தப்பாகிட்டயும் சொல்லிடு. ஏண்டா, எனக்கு அடையாளம் தெரியாதா?”

போனை வைத்துவிட்டுத் திரும்பியவரின் கண்கள் சிவந்திருந்தன.

“இன்னா மனுஷன் நீங்க?” என்று இலக்கியா ஆரம்பித்தாள்.

“ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்தது தெரிஞ்சி, சித்தப்பா பசங்க வண்டி எடுத்துக்கினு பாதி வழி வந்துட்டானுங்கம்மா” என்றார் தணிந்த குரலில். “உசுரு போனதும் ஊருக்குத் தூக்கிக்கினு போவணுமாம். பொடவையோட எடுத்தா மானம் போயிடுமாம். வேட்டி கூட வாங்கி வச்சிட்டானுங்க. நான் அண்ணன்னு ஒரு வார்த்த ஒத்துக்கினா போதும். அப்புறம் உன்னை கிட்டவே வுடமாட்டானுங்க.”

“அதுக்காக அவங்க காதுபடவா சொல்றது? அழுதாங்க, பாத்தீங்களா?”

“தெரியும்மா. அதான் அந்தப் பக்கம் திரும்பல. திரும்பியிருந்தா நானும் ஒடஞ்சிருப்பேன்.”

“எங்கிட்டயாவது முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல?”

“உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டா. உன் மூஞ்சிக்குப் பொய் வராதாம்.”

“யாரு சொன்னது?”

கண்ணாயிரம் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

“போன மாசம் போன் பண்ணி, ‘ண்ணா, ஆஸ்பத்திரில கேட்டா எங்க வூட்டு ஆளு இல்லன்னு சொல்லிடுவியா?’ன்னா. வூட்ட வுட்டுப் போன நாள்லேர்ந்து என் தங்கச்சி எங்கிட்ட கேட்டது இது ஒண்ணுதாம்மா.”